தராசு முதுகு காட்டி நின்ற ஆட்டம்

நெடுஞ்சாலையிலிருந்து தொழிற்பேட்டைக்குத் திரும்பும் வளைவில் ஓர் எடைமேடை இருக்கிறது. பழைய இரும்பு, ஜல்லி, சிமெண்டு என்று எதை ஏற்றி வந்தாலும் லாரி அந்த மேடையில் ஏறி நின்றுவிட்டுத்தான் போக வேண்டும். பக்கத்தில் ஒரு கண்ணாடி அறை. அதற்குள் ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி, எடை காட்டும் கருவி. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது. ஊருக்கு அவர் தராசு.

பெயர் சும்மா வந்துவிடவில்லை. லாரிக்காரர்கள் எடையில் ஆடாத ஆட்டமில்லை. லோடு எடை போடும்போது கிளீனர் தார்ப்பாய்க்கு அடியில் படுத்திருப்பான். காலி வண்டியை எடை போடும்போது இறங்கிப் போய் டீ குடித்துக்கொண்டிருப்பான். அவன் உடம்பும் இரும்பு விலைக்குப் போய்விடும். தராசு இதற்காக நாற்காலியை விட்டு எழுந்ததே இல்லை. ஜன்னலைத் திறந்து, "உள்ள படுத்திருக்கிற தம்பி, தூங்கினது போதும், இறங்கி வாப்பா" என்பார். ஒரு முறை தார்ப்பாய்க்குள்ளிருந்து, "உள்ள யாரும் இல்லண்ணே" என்று பதில் வந்தது.

அவருடைய மனைவியின் அண்ணனுக்கும் ஒரு லாரி உண்டு. அது மேடையில் ஏறினால் தராசு நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். வரிசையில் அடுத்து நிற்கும் லாரியின் டிரைவரைக் கூப்பிட்டு எண்ணைப் படிக்கச் சொல்வார். வெயிலில் காத்துக் கிடந்த அந்த டிரைவருக்குத் தனக்கு முன்னால் நிற்கிறவன் மேல் துளி அன்பும் இருக்காது. எண் சரியாக வரும்.

"ஏன் மாப்ள, நான் என்ன கடத்தலா பண்றேன்?" என்று மச்சான் கத்துவார்.

"உங்கள சந்தேகப்படல மச்சான். என் கண்ணத்தான் சந்தேகப்படறேன்."

இந்த மனிதருக்குச் சம்பளம் இல்லாத இன்னொரு வேலையும் உண்டு. நகர ரக்பி சங்கத்தில், பதினாறு வயதுக்குட்பட்ட பெண்கள் அணிக்கு ஆள் எடுக்கும் மூன்று தேர்வாளர்களில் அவர் ஒருவர்.

சின்ன வயதில் அவரும் ஆடியவர்தான். முன்வரிசையில் நின்று முட்டித் தள்ளுகிற இடம். அங்கே வேகம் வேண்டாம், அழகும் வேண்டாம். தள்ளினால் நகராமல் இருக்கத் தெரிந்தால் போதும். அது அவருக்கு நன்றாகவே தெரியும். ஆனால் நகர அணிக்கு ஆள் எடுத்த வருடம் அவருடைய இடத்துக்குத் தேர்வாளர் ஒருவரின் தங்கை மகன் போனான். அந்தப் பையன் போட்டி முழுவதிலும் பந்தை ஒரே ஒரு தடவைதான் கையில் பிடித்தான். அதுவும் ஆட்டம் முடிந்த பிறகு, நடுவர் அதைக் கிடங்கில் வைக்கச் சொல்லிக் கொடுத்தபோது.

இளையோர் ரக்பியில் மேலே போக ஒரு படிக்கட்டு உண்டு. கிளப்பில் நன்றாக ஆடுகிறவர்கள் நகர அணித் தேர்வுக்கு வருவார்கள். நகர அணியில் இடம் கிடைத்தால்தான் மாவட்டத்துக்கு ஆள் எடுப்பவர்களின் கண்ணில் பட முடியும். மாவட்டத்தில் பேர் வாங்கினால் மண்டலம். முதல் படியில் கால் வைக்காதவருக்கு மற்றப் படிகள் சுவரில் வரைந்த படங்கள்தாம். அந்த முதல் படியைத் தராசின் காலுக்கடியிலிருந்து ஒருவர் உருவிவிட்டார். அதைத் தராசு மறக்கவில்லை. வளர்ந்து, எடைமேடையில் சேர்ந்து, முட்டி தேய்ந்து ஆட்டத்தை விட்டு, தேர்வாளராக வந்து உட்கார்ந்த முதல் கூட்டத்திலேயே ஒரு சட்டம் கொண்டுவந்தார்.

தேர்வாளரின் சொந்தம் மைதானத்தில் ஆடும்போது அந்தத் தேர்வாளர் மைதானத்துக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். அந்த இடத்துக்கு ஆள் எடுப்பதில் அவர் வாயும் திறக்கக் கூடாது. இதுதான் சட்டம். கூட்டம் நடந்த அறையில் மின்விசிறி ஓடவில்லை. சீக்கிரம் முடிந்தால் போதும் என்று எல்லோரும் கை தூக்கிவிட்டார்கள்.

"சொந்தம்னா எது வரைக்கும்?" என்று ஒருவர் மட்டும் கேட்டார்.

"உங்க வீட்டுக் கல்யாணத்துக்கு அவங்கள நேர்ல போய் கூப்பிடணும்னா அது சொந்தம். போன்ல சொன்னா போதும்னா இல்ல" என்றார் தராசு.

இதைவிடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியவில்லை. அது அப்படியே நின்றுவிட்டது.

சட்டம் வந்தபோது அவருக்குக் கைக்குழந்தையாக ஒரு மகள் இருந்தாள். அவள் ஒரு வயதில் பேச ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு நிறுத்தியதாக யாருக்கும் நினைவில்லை. அவளுக்கு ரேடியோ என்று பெயர் வைத்தது அவளுடைய அம்மா. அம்மாவுக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. நோயாளிகளின் கையைப் பிடித்து, நரம்பு பார்த்து, ரத்தம் எடுப்பவள். தெருவில் அவளை ஊசியம்மா என்பார்கள்.

ரேடியோ வளர்ந்து கிளப்பில் சேர்ந்தாள். அவளுக்குக் கிடைத்த இடம் ஸ்க்ரம் ஹாஃப். பெரிய உடம்புக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து குவியும்போது, அந்தக் குவியலுக்குப் பின்னால் நின்று பந்தை உருவி எடுத்து மற்றவர்களுக்கு எறிகிற இடம். அந்த இடத்தில் இருப்பவள் ஓயாமல் கத்திக்கொண்டிருக்க வேண்டும். இடது பக்கம் வா, பின்னால் போ, குனி, தள்ளு என்று. ரேடியோவுக்கென்றே யாரோ செய்துவைத்தது போல இருந்தது.

கிளப் ஆட்டங்களுக்கும் தேர்வாளர்கள் போய்ப் பார்ப்பது வழக்கம். அதனால் அங்கேயும் தராசு முதுகைத்தான் காட்டினார். மழையில் குடை பிடித்துக்கொண்டு மைதானத்து மதில் சுவரைப் பார்த்து நிற்பார். மதிலில் ஒரு டயர் விளம்பரம். அதில் சிரிக்கும் மனிதரின் பற்களில் எது எனாமல் பெயர்ந்தது என்பதுகூடத் தராசுக்குத் தெரியும்.

"நான் எப்படிப்பா ஆடினேன்?" என்று அவள் ஒரு நாள் கேட்டாள்.

"கேட்டேன்மா. நல்லா இருந்துச்சு."

"ஆட்டத்த யாராவது கேப்பாங்களாப்பா?"

"தள்ளுன்னு சொல்ல வேண்டிய நேரத்துல தள்ளுன்னுதான் சொன்னே. சரியாத்தான் இருந்துச்சு."

போன வருடத் தேர்வில் அவர் முறைப்படி திரும்பி நின்றார். மீதி இரண்டு பேரில் ஒருவர் ரேடியோ வேண்டும் என்றார், இன்னொருவர் வேறொரு பெண்ணைச் சொன்னார். மூன்றாவது வாக்கு இல்லாததால் வயதில் மூத்தவளுக்கு இடம் போயிற்று. ரேடியோ மாற்று ஆட்டக்காரியாகத் தண்ணீர் பாட்டில் சுமந்தாள். அதைச் சுமக்கும்போதும் பேசிக்கொண்டேதான் இருந்தாள், ஆனால் ஊசியம்மா ஒரு வாரம் பேசவில்லை. பேச ஆரம்பித்தபோது ஒன்றுதான் சொன்னாள்.

"என்கிட்ட வர்றவங்க ஊசிய பாத்து மூஞ்சிய திருப்பிக்குவாங்க. அதுல ஒரு நியாயம் இருக்கு. நீங்க பெத்த பொண்ண பாத்து திருப்பிக்கிறீங்க."

இந்த வருடம் ரேடியோவுக்குக் கடைசி வாய்ப்பு. அடுத்த பிறந்தநாளோடு பதினாறு முடிகிறது. அதன் பிறகு இளையோர் படிக்கட்டில் அவளுக்கு இடமில்லை. பெரியவர்கள் அணிக்கு அந்தப் படிகளில் ஏறி வந்தவர்களைத்தான் எடுப்பார்கள். இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததால் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை, ரேடியோவைத் தவிர.

"திரும்பி நிக்கிறது உங்க இஷ்டம்ப்பா. இந்தத் தடவ மத்த ரெண்டு பேரையும் ஒழுங்கா பாக்க சொல்லுங்க. அது போதும்."

மற்ற இரண்டு பேரில் ஒருவர் பள்ளியில் உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்கும் மாஸ்டர். இன்னொருவர் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அம்மாள். ஒரு காலத்தில் பெண்கள் அணியின் தலைவியாக இருந்தவர். எல்லோருக்கும் அவர் அக்கா. கடையில் யாராவது வந்து எழுத்து மங்கலாகத் தெரிகிறது என்றால், "அறுபது வயசுல தெளிவா பாத்து என்ன பண்ணப்போறீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் கண்ணாடி மாட்டுவார்.

தேர்வு நாளன்று காலை, வந்த பெண்களைச் சிவப்பு, நீலம் என்று இரண்டு பக்கமாகப் பிரித்தார்கள். சிவப்பில் ஸ்க்ரம் ஹாஃப் ரேடியோ. நீலத்தில் அதே இடத்துக்கு மாஸ்டரின் அண்ணன் மகள். இந்த வருடம்தான் இந்தப் பிரிவுக்கு வந்திருக்கிறாள். வாயே திறக்காதவள். ஆனால் நின்ற இடம் தெரியாமல் நழுவுவாள். பெண்கள் அவளைப் பூனை என்பார்கள். நீலத்தின் முன்வரிசையில் அக்காவின் நாத்தனார் மகள். அவளுக்கு அலமாரி என்று பெயர். நகர்த்தப் பார்த்தவர்கள் வைத்தது.

நடுவர் பந்தை நடுவில் வைத்தார். தராசு முறைப்படி திரும்பினார். திரும்பியவர் பக்கத்தில் மாஸ்டரும் திரும்பி நிற்பதைக் கண்டார்.

"நீங்க ஏன் மாஸ்டர்?"

"என் அண்ணன் பொண்ணு ஆடுதுல்ல? போன வருஷம் சின்னப் பிரிவுல இருந்தா."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மெல்ல இடது பக்கம் பார்த்தார்கள். அக்கா சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்.

"அக்கா! நீங்களுமா?"

"நாத்தனார் மக ஆடறா."

"நாத்தனார் மகளெல்லாம் சொந்தமாக்கா?" என்றார் மாஸ்டர், நம்பிக்கையோடு.

"போன்ல கூப்பிட்டா என் நாத்தனார் கல்யாணத்துக்கு வருவாளா? நேர்ல போனாலே வர மாட்டா" என்றார் அக்கா.

பின்னால் நடுவர் ஊதினார். ஆட்டம் ஆரம்பித்துவிட்டது. இத்தனை வருடத்தில் மூன்று பேருக்கும் ஒரே ஆட்டத்தில் சொந்தம் வந்ததில்லை. அப்படி வரும் என்று சட்டம் போட்டவர் யோசிக்கவுமில்லை. மூன்று தேர்வாளர்களும் டயர் விளம்பரத்தைப் பார்த்தபடி நின்றார்கள்.

"யாராவது ஒருத்தர் திரும்பலாமே" என்றார் மாஸ்டர்.

"சட்டம்னா சட்டம்" என்றார் தராசு.

"காதால கேட்டாவது ஏதாவது புரியுதான்னு பாப்போம்" என்றார் அக்கா.

கேட்டார்கள். பின்னாலிருந்து தெளிவாக வந்தது ஒரே குரல். "உள்ள போடு! அலமாரி வர்றா, ஒதுங்காதே! எனக்குக் குடு, எனக்கு, எனக்கு! ஏய், தூங்கறியா?" மற்றவர்கள் ஆடியதற்கு அடையாளமே இல்லை. பூனை மைதானத்தில் இருக்கிறாளா, வீட்டுக்குப் போய்விட்டாளா என்றுகூடத் தெரியவில்லை.

சிறிது நேரம் பொறுத்த மாஸ்டர் வெடித்தார். "தராசண்ணே, இது நியாயமா? எங்க வீட்டுப் பொண்ணு வாய் பேசாது. உங்க பொண்ணு ஒருத்தி குரல் மட்டும் எங்க காதுல விழுந்துட்டே இருக்கு. கண்ண மூடிட்டு காதத் திறந்து வெச்சா, அது ரேடியோவுக்குத்தானே லாபம்?"

தராசு யோசித்தார். மாஸ்டர் சொன்னதில் எடை இருந்தது. அவர் குனிந்து முதலுதவிப் பெட்டியைத் திறந்து பஞ்சை எடுத்தார். மூன்று பங்காகப் பிய்த்து ஆளுக்கொன்று கொடுத்தார். மூவரும் காதில் அடைத்துக்கொண்டார்கள்.

அந்த நேரம் பார்த்து, சிவப்பு அணியின் ஓரத்தில் ஓடும் பெண் ஒருத்தி மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, நான்கு பேரைத் தாண்டி ஓடி, கோட்டுக்கு அப்பால் பந்தை ஊன்றி ட்ரை போட்டாள். அவள் வாழ்க்கையில் அப்படி ஓடியதில்லை. மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டே தேர்வாளர்கள் பக்கம் பார்த்தாள். மூன்று முதுகுகள் தெரிந்தன. அவளுடைய அப்பா வேலியைத் தாண்டி ஓடி வந்து கத்தினார். அவர் கத்தியதும் யாருக்கும் கேட்கவில்லை.

இடைவேளைக்கு ஊதியபோது ஊசியம்மா வந்து சேர்ந்தாள். காலை வேலையை முடித்துவிட்டு நேராக வந்திருந்தாள். மைதானத்தின் ஓரத்தில், சுவரைப் பார்த்து வரிசையாக, காதில் பஞ்சோடு மூன்று பெரியவர்கள். சுற்றிலும் பெற்றோர் கூட்டம் கூச்சல் போடுகிறது. மூவரும் அசையவில்லை.

"மூணு பேரையும் யாரு வெளியே நிக்க வெச்சது?" என்று கேட்டாள்.

பதில் வராததால் கணவரின் காதிலிருந்த பஞ்சை எடுத்துவிட்டு மறுபடியும் கேட்டாள். மற்ற இருவரும் தங்கள் பஞ்சைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். தராசு நடந்ததைச் சொன்னார். சொல்லும்போதும் மைதானத்தின் பக்கம் திரும்பவில்லை.

"அப்போ முதல் பாதிய யாருமே பாக்கல."

"டீக்கடைக்காரர் பாத்தாரு" என்றார் மாஸ்டர்.

ஊசியம்மா கைப்பையைக் கீழே வைத்தாள். அது நல்ல அறிகுறியல்ல என்று தராசுக்குத் தெரியும்.

"ஏங்க, என் அண்ணன் லாரி வந்தா என்ன பண்ணுவீங்க?"

"அடுத்த டிரைவர படிக்க சொல்வேன்."

"அந்த ஒரு வண்டிய மட்டுமா, அன்னிக்கு வர்ற எல்லா வண்டியையுமா?"

"அந்த ஒரு வண்டிய மட்டும்தான். மத்த வண்டிய ஏன் நான்..."

தராசு பாதியில் நிறுத்தினார். டயர்க்காரரின் பற்களைச் சற்று நேரம் பார்த்தார். ஒரு பெண்ணைப் பார்க்கக் கூடாது என்பதற்காக இத்தனை வருடமாக மைதானத்தில் ஆடும் மீதி இருபத்தொன்பது பெண்களுக்கும் சேர்த்து முதுகு காட்டியிருக்கிறோம் என்பது இப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"உங்க சொந்தத்த மட்டும் மறைச்சிட்டு மத்தவங்கள பாருங்க. மூணு பேருக்கும் மூணு பொண்ணுதானே? ஒருத்தர் மறைக்கிறத மத்த ரெண்டு பேர் பாப்பீங்க" என்றாள் ஊசியம்மா.

"ரேடியோவும் பூனையும் ஒரே இடத்துக்கு நிக்கிறாங்களே. அந்த இடத்துக்கு எனக்கும் வாக்கு கிடையாது, மாஸ்டருக்கும் கிடையாது" என்றார் தராசு.

"அக்கா இருக்காங்கல்ல. அந்த ஒரு இடத்த அவங்க சொல்லட்டும்."

அக்கா கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்தார். "எல்லாம் என் தலையில வந்து விடியுது" என்றாலும் முகத்தில் வருத்தம் தெரியவில்லை.

இரண்டாம் பாதி ஆரம்பித்தது. மூவரும் மைதானத்தைப் பார்த்து நின்றார்கள். இப்போது அவரவர் சொந்தத்தை மட்டும் எப்படிப் பார்க்காமல் இருப்பது என்பதுதான் சிக்கல். அக்காவுக்கு அது சுலபமாக இருந்தது. அலமாரி கையில் பந்து வந்தால் கண்ணாடியைக் கழற்றிவிடுவார். கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்கு அலமாரியும் தெரியாது, மைதானமும் தெரியாது. மாஸ்டர் தன் தொப்பியை நீட்டிப் பூனையை மறைத்தார். ஆனால் பூனை தொப்பிக்கு அடியில் நிற்கவில்லை. தேடித் தேடிக் களைத்து, நடுநடுவே, "ஐயோ, பாத்துட்டேன்!" என்று கத்தினார்.

தராசு ஒரு கண்ணை மூடிக்கொண்டார். வலது கையை முன்னால் நீட்டி, கட்டைவிரலை உயர்த்தினார். மைதானத்தின் நடுவில் நிற்கும் ஒரு பெண்ணைத் தலை முதல் கால் வரை மறைக்க ஒரு கட்டைவிரல் போதும். ரேடியோ விரலுக்குப் பின்னால் போனாள். மற்ற எல்லோரும் வெளியே தெரிந்தார்கள்.

அவர் மற்றவர்களைப் பார்த்துக்கொண்டே விரலை நகர்த்தினார். அவள் ஓடினால் விரலும் ஓட வேண்டும். ஒரு நொடி பிந்தினால் சட்டம் மீறப்படும். அவள் கிட்டே வந்தால் உள்ளங்கையை விரித்தார். இன்னும் கிட்டே வந்தால் முழங்கையை மடக்கி முகத்தையே மூடிக்கொண்டார். அவரைப் பார்த்த நடுவர், மயக்கம் வருகிறதா என்று சைகையில் கேட்டார்.

கொஞ்ச நேரத்தில் தராசு ஒன்றைக் கவனித்தார். விரல் ஓய்வதே இல்லை. இங்கே ஒரு குவியல் விழும். பந்து அடியில் கிடக்கும். எல்லோரும் அங்கே ஓடுவார்கள். விரல் ஏற்கெனவே அங்கே இருக்கும். பந்து வெளியே வந்து இடது பக்கம் பறக்கும். விரல் நிற்காமல் அதன் பின்னாலேயே போகும். அடுத்த குவியல் எங்கே விழப்போகிறது என்று அவர் கண்ணுக்குத் தெரியுமுன் விரல் அந்த இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. இருபத்தைந்து வருடமாக எடை பார்க்கும் மனிதர் அவர். ஒரு வண்டி மேடையில் ஏறுகிற சத்தத்திலேயே லோடு எவ்வளவு என்று சொல்லிவிடுவார். மகளைப் பார்க்காமலே, தோள்பட்டை வலிக்க வலிக்க, அவளுடைய ஆட்டம் முழுவதும் அவர் கைக்குள் வந்து சேர்ந்தது.

ஒரே ஒரு தடவை விரல் இருந்த இடத்திலிருந்து பந்து முன்னால் பறந்தது. ரக்பியில் பந்தைக் கையால் முன்னால் எறியக் கூடாது. நடுவர் ஊதினார். தராசு கண்ணை மூடித் தலையசைத்தார்.

ஆட்டம் முடிந்ததும் மூவரும் பந்துகள் வைக்கும் கிடங்கில் உட்கார்ந்தார்கள். மற்ற இடங்களெல்லாம் சட்டென்று முடிந்தன. அலமாரியைத் தராசும் மாஸ்டரும் ஒரே மூச்சில் எடுத்தார்கள். முதல் பாதியில் யாரும் பார்க்காமல் ட்ரை போட்ட பெண் இரண்டாம் பாதியிலும் ஒன்று போட்டிருந்ததால் அவளுக்கும் இடம் கிடைத்தது. அவளுடைய அப்பா ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். கடைசியில் ஸ்க்ரம் ஹாஃப் வந்தது.

"ரேடியோ" என்றார் அக்கா.

மாஸ்டர் தன் தொப்பியைப் பார்த்தார்.

"யோசிச்சுதான் சொல்றீங்களாக்கா?" என்றார் தராசு. "அவளுக்கு இது கடைசி வருஷம்னு இரக்கப்பட்டு போட்டுடாதீங்க. பந்த ஒரு தடவ முன்னால எறிஞ்சா."

"நீங்க பாத்தீங்களா?"

"பாக்கல. விரல் அங்கதான் இருந்துச்சு. ஊதினாங்க."

"தம்பி, ஒரு சட்டம் இருக்கு. சொந்தக்காரங்க அந்த இடத்தப் பத்தி வாயே திறக்கக் கூடாதுன்னு. யாரோ ஒரு கிறுக்கன் போட்டது."

"எதிரா பேசறதுக்குமா?"

"எதிரா, ஆதரவான்னு அதுல பிரிச்சு சொல்லல. வாய மூடுங்க." அக்கா மாஸ்டரின் பக்கம் திரும்பினார். "பூனை நல்லா ஆடுது மாஸ்டர். வேகமும் அதிகம். ஆனா பந்து வந்ததுக்கப்புறம்தான் ஓடுது. இந்தப் பொண்ணு பந்து வரப்போற இடத்துல போய் நின்னுட்டு, ஏன் இன்னும் வரலன்னு பந்த திட்டுது. அடுத்த வருஷம் பூனைக்கும் அது வந்துடும். இந்த வருஷம் மாற்று ஆளா அணியோட போகட்டும்."

மாஸ்டர் பெருமூச்சு விட்டார். "நான் பாத்த வரைக்கும் எனக்கும் அப்படித்தான் பட்டுச்சு."

"நீங்க பூனையைப் பாக்கவே கூடாதே!" என்றார் தராசு.

"தொப்பி சின்னதுண்ணே."

தராசு எழுந்து வெளியே வந்தார். ரேடியோ சேறு படிந்த முழங்காலோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் எதுவும் பேசவில்லை. அவர் ஆமென்று தலையை ஆட்டினார். அவள் கத்திய கத்தலில் கிடங்குக்குள் மாஸ்டர் மறுபடியும் பஞ்சைத் தேடினார்.

அடுத்த மாதம் மாவட்டத்துக்கு ஆள் எடுக்கும் போட்டி பக்கத்து ஊரில் நடந்தது. அங்கே தேர்வாளர்கள் வேறு. தராசுக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. எடைமேடைக்கு விடுப்புப் போட்டுவிட்டு, மற்ற அப்பாக்களைப் போலப் படிவரிசையில் ஊசியம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அணிகள் வந்து நின்றன. நடுவர் ஊதினார்.

தராசின் வலது கை தானாக எழுந்து நீண்டது. கட்டைவிரல் உயர்ந்தது. ஒரு கண் மூடியது.

ஊசியம்மா எட்டி அந்தக் கையைப் பிடித்து, மடக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ரத்தம் கொடுக்க வருகிறவர்களிடம் தினமும் சொல்வதையே அவரிடமும் சொன்னாள்.

"இப்படி வைங்க. விரல உள்ள மடக்கி இறுக்கி மூடிக்குங்க. ஆங், அப்படித்தான்."

கட்டைவிரல் உள்ளே போனது. அந்த இடத்தில், இதுவரை அது மறைத்து வைத்திருந்த இடத்தில், ஒரு பெண் ஓடிக்கொண்டிருந்தாள். தலைமுடியை மேலே தூக்கி ரப்பர் போட்டுக் கட்டியிருந்தாள். ஒரு காலுறை நழுவிக் கணுக்காலில் கிடந்தது. ஓடும்போது நாக்கை ஓரமாக நீட்டிக்கொள்வாள் என்பது அவருக்குத் தெரியாது. குரலில் அது தெரியாது.

"நாக்க நீட்டறா" என்றார்.

"ஆமா. உங்கள மாதிரி. எடை பாக்கும்போது நீங்க நீட்டுவீங்க."

குவியல் விழுந்தது. ரேடியோ முன்னாலேயே அங்கே இருந்தாள். பந்தை உருவினாள், திரும்பினாள், எறிந்தாள். பந்து வலது பக்கம் போக வேண்டியது, கொஞ்சம், மயிரிழை அளவு, முன்னால் போனது. மைதானத்தில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. நடுவர் ஓடிக்கொண்டே இருந்தார். தராசு எழுந்து நின்றார்.

"முன்னால எறிஞ்சா! ஃபார்வர்ட்!"

நடுவர் திடுக்கிட்டு நின்று ஊதினார். பந்து எதிரணிக்குப் போயிற்று. சுற்றியிருந்த நகர அணிப் பெற்றோர் அத்தனை பேரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். ஊசியம்மா மெதுவாகத் தன் கைப்பையை எடுத்துக்கொண்டு இரண்டு இடம் தள்ளி உட்கார்ந்தாள்.

மைதானத்தின் நடுவில் ரேடியோ இடுப்பில் கைவைத்து நின்றாள். இத்தனை வருடம் மதில் பக்கம் திரும்பியிருந்த முகம் இப்போது தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டாள். பிறகு அவள் கத்தியது பக்கத்து ஊர் முழுவதற்கும் கேட்டது.

"அப்பா! நீங்க திரும்பியே நில்லுங்கப்பா!"

"முடியாது!" என்று தராசும் கத்தினார். "இடது கால முன்னால வெச்சு எறியறே, அதான் போகுது! கால மாத்து!"

அவள் அவரை முறைத்தாள். அடுத்த குவியலுக்கு ஓடினாள். காலை மாற்றி வைத்தாள்.